அன்று வண்டியைத் தூக்கியவன் நான்தான்

குமார்,

நாளைக் காலை நீயும் தேவகியும் ஓசூர் பஸ் ஏறுகிறீர்கள். அடுத்த அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று உன் அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனாள். நேரில் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிப்பா" என்பாய். நீ "சரிப்பா" என்றாலே நான் சொன்னது உன் காதில் விழவில்லை என்று அர்த்தம். எனக்குக் கோபம் வரும். உன் அம்மா நடுவில் புகுந்து, நடந்ததை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் மாதிரி திருத்திச் சொல்வாள். காகிதம் குறுக்கே பேசாது. இதை உறையில் போட்டு ஒட்டவும் இல்லை. உன் மாமனார் படிக்கட்டும், என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். போன வருஷம் இந்த ஊர் உன்னைப் பற்றி ஒரு மாதிரியாகப் பேசியது. உண்மை உன் மாமனார் ஊரான அடி அண்ணாமலையில் இருக்கிற கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும். டவுனுக்கும் தெரியட்டும்.

முதலில் சைக்கிளில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் தொடங்கியது. நீ இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய். வாடகைக் கடையில் சின்ன சைக்கிள் எடுத்துக்கொண்டு, தீபத்துக்கு மாட்டுச் சந்தை கூடுமே, அந்தத் திடலுக்கு உன்னைக் கூட்டிப்போனேன். நீ மிதித்தாய், நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "அப்பா, புடிச்சிருக்கீங்களா?" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். "புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாதியிலேயே விட்டுவிட்டேன். ஊரில் எல்லா அப்பனும் செய்கிறதுதான். நீ திரும்பிப் பார்த்தாய், நான் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன், உடனே விழுந்தாய். முட்டி உரிந்ததற்கு நீ அழவில்லை. "புடிச்சிருக்கேன்னு சொன்னீங்களே" என்றுதான் வீடு வரைக்கும் அழுதாய். கற்றுக்கொடுப்பது என்றால் அப்படித்தான் என்று நான் நினைத்தேன். அன்றிலிருந்து நீ எந்த வண்டியையும் என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை என்பதைக்கூட நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை.

பிறகு நீ டிப்ளமோ முடித்து, வண்டி ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்து, அந்த ஜப்பான் இன்ஜின் நூறு சிசி வண்டியை வாங்கினாய். பட்டாணி வறுக்கிற சட்டி மாதிரி பொரிந்துகொண்டே போகும் அதன் சத்தம். பத்தாம் வகுப்பில் நான் வட்டத்தின் தொடுகோடு நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சில் பையன்கள் சிரித்தார்கள். என்னடா என்று எழுப்பிக் கேட்டால், "சார், குமாரண்ணன்... உங்க பையன் சார், சந்தைத் திடல்ல ஒத்தச் சக்கரத்துல வண்டி ஓட்டுறாரு சார், வீலிங் சார்" என்றான் ஒருவன், ஏதோ நான் முதல் மார்க் வாங்கினது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. சாயங்காலம் நேரே திடலுக்கு வந்தேன். நீ முன் சக்கரத்தை ஆகாசத்தில் தூக்கி வைத்துக்கொண்டு, குதிரை முன்னங்காலைத் தூக்கினது மாதிரி என் எதிரிலேயே கடந்து போனாய். பையன்கள் கைதட்டினார்கள். அந்தப் பையன்கள் எதிரிலேயே வாயில் வந்ததை எல்லாம் கத்தினேன். நீ இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டாண்டு போட்டு, நிதானமாக ஒன்று கேட்டாய்: "எந்த வரியில தப்புனு சொல்லுங்கப்பா, திருத்திக்கிறேன்."

அது என் வாக்கியம். இருபது வருஷமாக வகுப்பில் நான் சொல்கிற வாக்கியம். விடை தப்பு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போகிறவன் வாத்தியார் இல்லை, எந்த வரியில் தப்பு என்று காட்ட வேண்டும் என்று நானே உனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்கு அந்த வண்டியில் கிளட்ச் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. பதில் சொல்லத் தெரியாததால் உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். "உன் பையனை சாப்பிடச் சொல்லு", "உங்க அப்பாவ வழியவிட்டு நகரச் சொல்லு" என்று உன் அம்மாதான் நடுவில் தந்தி ஆபீஸ் நடத்தினாள். ஒருநாள் அவளுக்கு அலுத்துவிட்டது. ரசத்தை ஊற்றிக்கொண்டே, "என்னாங்க, ஒண்ணு அந்தக் கருமத்தக் கத்துக்கினு வந்து திட்டுங்க, இல்ல வாய மூடினு சும்மா இருங்க" என்றாள். அவள் கோபத்தில் சொன்னாள். நான் யோசித்துப் பார்த்தேன், அதில் தப்பே இல்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் உன் அறை வாசலில் நின்று, "எனக்கும் கத்துக்குடு" என்றேன். நீ பல் தேய்த்துக்கொண்டிருந்தாய். நுரையோடு ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாய்.

காலையில் ஆள் நடமாட்டம் ஆரம்பிக்கும் முன்பு திடலுக்குப் போவோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த என்னைத் திருப்பி அனுப்பி, பேன்ட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு வரச் சொன்னாய். முதல் கொஞ்ச நாள் சும்மா ஓட்டவே கற்றுக்கொடுத்தாய். பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாய். எனக்கும் உன் இரண்டாம் வகுப்பு வயசு ஆகிவிட்டது. "டேய், புடிச்சிருக்கியா?" என்று கேட்டேன். "புடிச்சிருக்கேன்பா." கொஞ்ச தூரம் போனதும், "இப்ப விடப்போறேன். சொல்லிட்டுதான் விடுறேன். விட்டுட்டேன்" என்றாய். நான் விழவில்லை. அதற்கப்புறம்தான் தூக்குகிற பாடம். முதல் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கி, கிளட்சைச் சட்டென்று விட்டு, உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டும். சக்கரத்தைத் தூக்குவது பெரிய விஷயமே இல்லை என்று நீ சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "எவனும் தூக்கிடுவான்பா. எறக்கத் தெரியணும். வலது காலு எப்பவும் பின் பிரேக் மேலயே இருக்கணும். ஜாஸ்தி தூக்கிட்டா லேசா மிதிங்க, தானா எறங்கிடும். கையால எதுவும் பண்ணாதீங்க. வுழப்போறவன் கையில கெடச்சத இறுக்கிப் புடிப்பான், அது ஆக்சிலேட்டர், இன்னும் மேல தூக்கும்." எத்தனையோ தடவை தப்புச் செய்தேன். நீ ஒரு தடவைகூடத் திட்டவில்லை. திட்டாமல் ஒருத்தருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அந்த ஆனி மாதத்துக் காலைகளில் நாம் பேசினது, அதற்கு முன்னால் பத்து வருஷத்தில் பேசினதைவிட ஜாஸ்தி.

அந்த மாதத்திலேயே விழுந்தேன். அன்று முதல் தடவையாகச் சக்கரம் நிஜமாகவே எழுந்தது. எதிரே தெரிந்துகொண்டிருந்த ரோடு மறைந்து, ஹெட்லைட்டுக்கு மேலே மலை உச்சி தெரிந்தது, அப்புறம் அதுவும் போய் வெறும் வானம் தெரிந்தது. எனக்கு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவாயா? ஒரு கணம்தான். பிறகு பயம் வந்துவிட்டது. கால் பிரேக்கை விட்டுவிட்டுத் தரையைத் தேடியது. கை இறுகியது. நீ சொன்ன தப்பு ஒன்றுவிடாமல் வரிசையாகச் செய்து மல்லாந்து விழுந்தேன். வண்டி தனியாகக் கொஞ்ச தூரம் போய்ச் சாய்ந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நீ ஓடிப்போய் முதலில் வண்டியை அணைத்துவிட்டு என்னிடம் வந்தாய். அதற்குள் பால்காரரும், செங்கம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களும் கூடிவிட்டார்கள். "இன்னாப்பா ஆச்சு, வாத்தியாரா இது?" என்று யாரோ கேட்டார்கள். "நான்தாண்ணா தூக்குனேன். அப்பா பின்னால உக்காந்திருந்தாரு, வுழுந்துட்டாரு" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன், சைக்கிளில் டபுள்ஸ் போன பையன்களை முட்டி போட வைத்தவன், ஐம்பது வயசு நெருங்குகிற காலத்தில் வீலிங் போய் விழுந்தான் என்று பேசுவார்களே என்று எனக்கும் தோன்றியது. நீ சொன்னது அந்த நேரத்துக்கு வசதியாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தச் சமயம் உனக்கும் தேவகிக்கும் தட்டு மாற்றியாகியிருந்தது. ஆவணியில் கல்யாணம். கையில் மாவுக்கட்டோடு நான் கட்டிலில் கிடக்கும்போது தரகர் வந்து, உட்காரக்கூட இல்லாமல் வாசல்படியில் நின்றபடியே சொன்னார். "பெத்த அப்பனையே குப்புறத் தள்ளுனவன், நாளைக்கு எம் பொண்ண இன்னா பண்ணுவான்? வேணாம்னுட்டாருங்க பொண்ணோட அப்பா." உன் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ உள்ளே இருந்து வந்து, "வுடும்மா, வேற எடம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாய். போகிற வழியில் கதவில் இடித்துக்கொண்டாய். அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவு வந்தது. சந்தைத் திடலை விட்டால் நீ அடிக்கடி பழகப் போனது அடி அண்ணாமலைப் பக்கம், தேவகியின் ஊர். ஏன்டா அவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, அங்கே ரோடு நன்றாக இருக்கிறது என்றாய். அப்போது கிரிவலப் பாதையில் பள்ளம் இல்லாத இடம் என்று ஏதாவது இருந்ததா? பெண் பார்க்கப் போவதற்கு முன்பே நீ அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறாய். இந்தக் கணக்கு எனக்கு விளங்க இவ்வளவு நாள் ஆனது.

கழுத்தில் தூளி கட்டின கையோடு அடி அண்ணாமலைக்குப் போனேன். உன் மாமனார் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். "சம்பந்தி" என்று ஆரம்பித்தேன். "சம்பந்தின்னு கூப்டாதீங்க வாத்தியாரே, அது முடிஞ்சிபோச்சி. ஒக்காருங்க, மோரு குடிங்க" என்றார். வண்டியைத் தூக்கினது நான், விழுந்தது நான், என் பையன் தள்ளி நின்றுகொண்டிருந்தான் என்று சொன்னேன். அவர் என் நரைத்த தலையையும் கட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் பக்கத்திலிருந்த மாரியம்மன் கோயிலைக் காட்டி, "கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்றேன், வாங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது என்று உனக்குத் தெரியும். கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொன்னதை யாரும் மறுபடி கேட்கமாட்டார்கள். ஆனால் அவர் தலையை ஆட்டினார். "புள்ளைக்காக எந்த அப்பனும் பொய்ச் சத்தியம் பண்ணுவான். நானா இருந்தா நானும் பண்ணுவேன். சாமி மன்னிச்சிடும். கற்பூரம் வேணாம். கட்டு அவுத்ததும் வாங்க. இதே தெருவுல அந்த வண்டியத் தூக்கிக் காட்டுங்க. அப்ப நம்புறேன்."

ஆடி மாதம் முழுக்க எலும்பு கூடுவதற்கே போய்விட்டது. ஆவணி பிறந்ததும் போனோம். நீ வழியெல்லாம் "வேணாம்பா, வேணாம்பா" என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினாய், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா பஸ்ஸில் வந்தாள். எப்படித்தான் தெரிந்ததோ, தெருவே திரண்டிருந்தது. மல்லாட்டை பிடுங்குகிற நேரம். ரோட்டோரத்தில் கொடியைக் குவித்துப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் கடலையை ஆய்ந்து தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தன. நான் ஏறி உட்கார்ந்தேன். நீ கிட்டே வந்து, "காலு பிரேக்ல இருக்கட்டும்பா" என்று மட்டும் சொன்னாய். முதல் தடவை கிளட்சை விட்டேன், இன்ஜின் அணைந்துபோனது. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது தடவை சக்கரம் எழுந்தது. எழுந்தது என்றால் ஒரு சாண் இருக்கும். அவ்வளவுதான், அதே பயம், அதே கை, அதே கால். வண்டி என்னை மல்லாட்டைக் கொடிக் குவியலில் தூக்கி எறிந்துவிட்டு ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது.

நான் கொடியையும் மண்ணையும் தட்டிக்கொண்டு எழுந்தேன். "இப்டித்தான் அன்னிக்கும் வுழுந்தேன். அன்னிக்குக் கீழ கொடி இல்ல" என்றேன். உன் மாமனார் கிட்டே வந்து, "வாத்தியாரே, ஒங்களுக்குத் தூக்கவே தெரியலியே" என்றார். "அதத்தான் சொல்ல வந்தேன். தெரிஞ்சவன் வுழமாட்டான். எம் பையன் இத்தினி நாள்ல ஒரு தடவ வுழுந்து யாராவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். அதற்குள் தேவகி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்தவள் சும்மா போயிருக்கலாம். "மாமா, காலப் பிரேக்ல இருந்து எடுத்துட்டீங்க, அதான்" என்றாள். பெண்ணுக்குப் பிரேக் விஷயம் எப்படித் தெரியும் என்று உன் மாமனார் அவளைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்தார். நீ விழுந்த வண்டியில் ஏதோ கோளாறு தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாய். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி சம்பந்தி, சாப்பிட்டுத்தான் போவணும்" என்றார். தள்ளிப்போன கல்யாணம் இந்தத் தையில்தான் நடந்தது என்றாலும், அன்று சாப்பிட்ட கத்தரிக்காய்க் குழம்பின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததைச் சொல்கிறேன். சந்தைத் திடலில் நீ என்னைக் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. நீ வண்டி ஓட்டுவதில் ஒரு வரியிலும் தப்பில்லை. நான் பார்த்துவிட்டேன். உன் தப்பு, "நான்தாண்ணா தூக்குனேன்" என்று சொன்ன வரி. ஆனால் அது கடைசி வரி. தப்பு அதற்கு ரொம்ப மேலே, என் வரியில் இருக்கிறது. அப்பாவின் மானம் உன் கல்யாணத்தைவிடப் பெரிது என்று, ஒரு நொடிகூட யோசிக்காமல் நீ முடிவு செய்யும்படி உன்னை வளர்த்தவன் நான். நீ என்னிடம் பயப்பட்டதைத்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலையில் நீ வாயைத் திறந்தபோது அதில் பயம் இல்லை, பாசம்தான் இருந்தது என்று உன் அம்மா சொல்கிறாள். இருக்கட்டும். பாசமாக இருந்தாலும் இனிமேல் அப்படிச் செய்யாதே. ஓசூர் வண்டிக் கம்பெனியில் உனக்கு இப்போது கிடைத்திருக்கிற வேலை, புது வண்டிகளை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வதுதானே? வண்டியில் கோளாறு இருந்தால் கோளாறு என்று எழுது. மேலதிகாரி முகம் சுளிப்பார் என்று உன் கையின் தப்பாக அதை ஏற்றுக்கொள்ளாதே. தேவகியிடமும் அப்படியே. அந்தப் பெண் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிற பெண். வீட்டில் உனக்குக் கோபம் வரும். என் ரத்தம், வராமல் போகாது. வரும்போது எதையாவது இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். கையை விட்டுவிடு, காலால் லேசாக மிதி, தானாக இறங்கிவிடும். இது நீ எனக்குச் சொன்னதுதான், நான் புதிதாக எதையும் சொல்லவில்லை.

உன் அம்மா மறுபடியும் வந்து நிற்கிறாள். இந்தத் தடவை கையில் கற்பூர டப்பா. வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறாய் அல்லவா, நீ ஊரில் இல்லாத சமயம் நான் அதைத் தூக்கமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டுமாம். எந்த அப்பனும் பொய்ச் சத்தியம் பண்ணுவான் என்று உன் மாமனார் சொன்னார். நான் பண்ணமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் மறுவீட்டு விருந்துக்குப் போயிருந்தபோது திடலுக்குப் போனேன். மலை உச்சி தெரிந்தது, அப்புறம் வானம் தெரிந்தது. கால் பிரேக் மேல் இருந்தது. லேசாக மிதித்தேன். சக்கரம் ஒரு பூனைக்குட்டி மாதிரி சத்தம் போடாமல் வந்து தரையில் இறங்கியது. சுற்றிலும் பார்த்தேன், ஒருத்தரும் இல்லை. நீ பார்த்திருக்கலாம் என்று இருந்தது.

நாளைக்கு பஸ் ஸ்டாண்டில் நான் ஜாஸ்தி பேசமாட்டேன். சீட்டு கிடைத்ததா, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பேன், நீ "சரிப்பா" என்பாய். பஸ் நகரும்போது உன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் கொஞ்ச தூரம் கூடவே வருவேன். பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கையை எடுக்கிற பழைய வேலையை இந்தத் தடவை செய்யமாட்டேன். குமார், நான் விடப்போகிறேன். சொல்லிட்டுதான் விடுறேன்.